பிரதான தூதரும் ஜெபத்தின் திசையும்

ஆசியா மைனரின் உட்பகுதியிலே லைக்கு ஆற்றின் பள்ளத்தாக்கில் அமைந்திருந்த ஊர் கொலோசெ. அவ்வூர்ச் சபைக்கு எழுதப்பட்ட நிருபம், தூதரைச் சார்ந்த ஆராதனையைக் குறித்து வெளிப்படையாக எச்சரிக்கிறது (கொலோ. 2:18). தூதர்களுக்குச் செய்யப்பட்ட வழிபாட்டை இது குறிக்கிறதா, அல்லது தூதர்கள் பரலோகத்தில் செய்யும் வழிபாட்டில் தரிசனத்தின் வழியாகப் பங்குபெறும் முயற்சியைக் குறிக்கிறதா என்பதில் விரிவுரையாளர்கள் வேறுபடுகின்றனர். எப்படியாயினும், அந்தச் சபையாரின் பார்வை தலையாகிய கிறிஸ்துவை விட்டு வேறிடம் சென்றது என்பதே ஆசிரியரின் கவலை.

இந்த எச்சரிக்கை பயன் தந்ததா? நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கொலோசெயின் அண்டை நகராகிய லவோதிக்கேயாவில் கூடிய சங்கம் தனது 35ஆம் விதியில், கிறிஸ்தவர்கள் திருச்சபையை விட்டகன்று தூதர்களின் பெயரைச் சொல்லித் தனிக் கூட்டம் கூடலாகாது என்று தடை விதித்தது. ஐந்தாம் நூற்றாண்டில் சீரியாவைச் சேர்ந்த சீர் நகர்ப் பேராயர் தியோதரேத், கொலோசெயர் நிருபத்திற்கு விரிவுரை எழுதுகையில், அந்த நோய் பிரிகியாவிலும் பிசீதியாவிலும் நெடுங்காலம் நிலைத்திருந்தது என்றும், மிகாவேலின் பெயரால் எழுந்த ஜெபவீடுகளைத் தமது காலத்திலும் அப்பகுதியில் காணலாம் என்றும் குறிப்பிட்டார். பின்னர் கொலோசெ நகர் தேய்ந்தது. அருகே கோனே என்னும் ஊர் வளர்ந்தது. அந்தக் கோனேயிலே பிரதான தூதனாகிய மிகாவேலுக்கு எழுப்பப்பட்ட பேராலயம் பைசாந்தியப் பேரரசின் புகழ்பெற்ற யாத்திரைத் தலங்களுள் ஒன்றாயிற்று. மிகாவேல் அங்கே பாறையைப் பிளந்து, ஆலயத்தை அழிக்க வந்த வெள்ளத்தை அதற்குள் திருப்பினார் என்னும் கதையைக் கிரேக்கத் திருச்சபை இன்றும் செப்டம்பர் 6ஆம் நாளில் நினைவுகூருகிறது.

எந்த ஊருக்கு எச்சரிக்கை எழுதப்பட்டதோ, அந்த ஊரின் அருகிலேயே பிரதான தூதனின் பேராலயம் எழுந்தது. வெறும் தடை மக்களின் தேவையை நிறைவு செய்வதில்லை என்பதற்கு இது சான்றாகும். பிரதான தூதரைக் குறித்து யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய மரபுகள் கூறுவன யாவை, ஆராதனைக்கும் அவர்களுக்கும் இடையே இம்மரபுகள் எவ்விடத்தில் எல்லைக் கல் நாட்டின என்பவற்றை வரலாற்று வழியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பெயரற்ற தூதரும் பெயருள்ள தூதரும்

பழைய ஏற்பாட்டின் தொன்மையான பகுதிகளில் தூதருக்குப் பெயரில்லை. ஆபிரகாமின் கூடாரவாசலுக்கு வந்தவர்கள் தங்கள் பெயரைக் கூறவில்லை. யாப்போக்கு ஆற்றங்கரையில் யாக்கோபோடு போராடியவர், பெயரைக் கேட்டபோது மறுமொழியாக ஏன் கேட்கிறாய் என்றே வினவினார் (ஆதி. 32:29). மனோவாவும் இதே கேள்வியைக் கேட்டு, பெயர் அறியாமலே திரும்பினான், அதற்கு முன்னரே அத்தூதர், தகனபலி செலுத்துவதாயின் அதைக் கர்த்தருக்கே செலுத்தும்படி அவனுக்குச் சொல்லியிருந்தார் (நியா. 13:16-18). தூதர் தம் பெயரை மறைப்பதும் பலியைத் தம்மிடமிருந்து விலக்கிக் கடவுளிடம் திருப்புவதும் ஒரே கருத்தின் இரு பக்கங்கள் எனலாம். அனுப்பப்பட்டவர் முன்னால் நிற்பதில்லை. அனுப்பியவரே முன்னால் நிற்கிறார்.

சிறையிருப்புக்குப் பிந்திய இலக்கியத்தில் இந்நிலை மாறுகிறது. எபிரெயத் திருமறையில் பெயர் பெறும் தூதர் இருவரே. இருவரும் தானியேல் நூலில் வருகின்றனர். காபிரியேல் தரிசனத்தை விளக்குகிறார் (8:16, 9:21). மிகாவேல் இஸ்ரவேல் மக்களின் சார்பாக நிற்கும் பெரிய அதிபதி (10:13, 21, 12:1). இந்நூல் அந்தியோகு எப்பிபானேசு யூதரைத் துன்புறுத்திய காலத்தில், ஏறத்தாழ கி.மு. 165இல், இப்போதைய வடிவம் பெற்றது என்பது பெரும்பாலான அறிஞரின் முடிவு. ஆலயம் தீட்டுப்படுத்தப்பட்டது, உடன்படிக்கைக்கு உண்மையாயிருந்தவர்கள் கொல்லப்பட்டனர். பெர்சியாவுக்கும் கிரேக்கருக்கும் விண்ணில் அதிபதிகள் உண்டெனில் நமக்கு யார் உண்டு என்னும் வேதனைக் கேள்விக்கு விடையாகவே மிகாவேலின் பெயர் ஒலிக்கிறது. அப்பெயரே ஒரு கேள்வி: கடவுளுக்கு நிகரானவர் யார் என்பது அதன் பொருள்.

ஒவ்வொரு இனத்துக்கும் விண்ணக அதிபதி உண்டென்ற கருத்துக்கு உபாகமம் 32:8 அடிப்படையாயிற்று. நமது தமிழ்த் திருமறை பின்பற்றும் மசோரேத்து எபிரெயப் பாடத்தில் அங்கே இஸ்ரவேல் புத்திரர் குறிப்பிடப்படுகின்றனர். கும்ரானில் கிடைத்த எபிரெயச் சுருள் ஒன்றிலோ அவ்விடத்தில் தெய்வபுத்திரர் என்னும் பாடம் காணப்படுகிறது. செப்துவசிந்தும் இதற்கு ஒத்துச் செல்கிறது.

தானியேலுக்கும் முந்தியது ஏனோக்கின் முதல் நூலிலுள்ள காவலர் பகுதி. இந்நூலின் முழு வடிவம் எத்தியோப்பியத் திருச்சபையில் மட்டுமே காக்கப்பட்டு, 1773இல் ஜேம்சு புரூசு என்பவரால் ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கும்ரானில் கிடைத்த அதன் அரமேயத் துண்டுகளை மிலிக் 1976இல் வெளியிட்ட பின்னர், காவலர் பகுதி கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவு பழைமையுடையது என்பது தெளிவாயிற்று. பூமியின் அழுகையைக் கேட்டு அதைக் கடவுளிடம் கொண்டுசெல்லும் மேலான தூதரை அங்குக் காண்கிறோம்; 20ஆம் அதிகாரம் ஊரியேல், ரபாயேல், ரகூயேல், மிகாவேல், சரியேல், காபிரியேல், ரெமியேல் என எழுவரைப் பட்டியலிடுகிறது. தோபித்து நூலில் ரபாயேல், கடவுளின் சமுகத்தில் நிற்கும் எழுவரில் தாம் ஒருவர் என அறிமுகம் செய்கிறார். கும்ரானின் போர்ச் சுருளில் மிகாவேல், காபிரியேல், சரியேல், ரபாயேல் என்னும் நான்கு பெயர்களும் போர்வீரரின் கேடயங்களில் எழுதப்பட வேண்டுமெனக் கூறப்பட்டுள்ளது.

2. யூத மரபு: காவலனும் வாயிலும்

தூதரின் பெயர்கள் பிறநாட்டில் இருந்த காலத்தில் வந்தவை என்பதை யூத ஆசிரியர்களே மறைக்கவில்லை. மாதங்களின் பெயர்களைப்போலவே தூதரின் பெயர்களும் பாபிலோனிலிருந்து திரும்பியவர்களோடு வந்தன என்னும் கூற்று, பாலஸ்தீனத் தல்மூதில் ரபி சிமியோன் பென் லாக்கீசின் பெயரால் காணப்படுகிறது.

அதே தல்மூதின் பெராக்கோத்து பகுதியில் நம் கருத்தைக் கவரும் ஓர் உவமை உண்டு. மனிதருள் செல்வாக்குள்ள ஒரு புரவலரை நாடிச் செல்பவன் நேரே உள்ளே நுழைய இயலாது; வாயிலில் நின்று வேலைக்காரனை அழைத்து, அவன் உள்ளே சென்று அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டும்; அனுமதி கிடைக்குமோ கிடைக்காதோ என்பதும் தெரியாது. கடவுளோ அப்படிப்பட்டவர் அல்லர். இடர் வந்தால் மிகாவேலையோ காபிரியேலையோ கூப்பிட வேண்டியதில்லை, அவரையே நேராகக் கூப்பிடலாம் என்பது அதன் கருத்து. பெரியவர்களின் வாசலில் காத்து நின்ற அனுபவமுள்ள எவருக்கும் இவ்வுவமையின் ஆறுதல் விளங்கும். இங்கே தூதரை அழைப்பது கடவுளின் உரிமையைப் பறிப்பது என்பதைக் காட்டிலும், கடவுள் எளிதில் அணுகத்தக்கவர் என்னும் நற்செய்தியே முன்வைக்கப்படுகிறது.

எல்லையைக் கடப்பதின் ஆபத்தைப் பாபிலோனியத் தல்மூது வேறொரு கதையால் உணர்த்துகிறது. எலிசா பென் அபூயா விண்ணகத்தில் மெத்தத்ரோன் என்னும் பெருந்தூதன் அமர்ந்திருக்கக் கண்டு, இரு வல்லமைகள் உள்ளனவோ என ஐயுற்றார். இந்த ஐயத்துக்கு இடம் கொடுத்ததற்காக அத்தூதனே அறுபது அக்கினி அடிகளால் தண்டிக்கப்பட்டான் என்கிறது அந்நூல்.

ஆயினும் மக்களின் வழக்கம் அறிஞரின் போதனையோடு எப்போதும் ஒத்துச் செல்லவில்லை. மெசொப்பொத்தாமியாவின் நிப்பூர் முதலிய இடங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மந்திரக் கிண்ணங்களில் மிகாவேல், காபிரியேல், ரபாயேல் பெயர்கள் எழுதப்பட்டு, பிணியும் பேயும் அணுகாதபடி வீடுகளின் தரையில் கவிழ்த்துப் புதைக்கப்பட்டிருந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிதேசு வகுத்த பதின்மூன்று விசுவாசக் கோட்பாடுகளுள் ஐந்தாவது, தூதர் உட்பட எப்படைப்பையும் வழிபடலாகாது என்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் பிராகு நகர் மகரால், தூதரை நோக்கிப் பரிந்துபேச வேண்டும் பழைய துதிப்பாடல் ஒன்றை ஏற்க மறுத்தார். தடையும் வழக்கமும் நூற்றாண்டுகளாக எதிரெதிரே நின்றன.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு சீரிய வழியும் உருவாயிற்று. பக்தியுள்ள யூதர் இரவில் உறங்குமுன் சொல்லும் ஜெபத்தில், வலப்பக்கம் மிகாவேலும் இடப்பக்கம் காபிரியேலும் முன்னே ஊரியேலும் பின்னே ரபாயேலும் இருக்க வேண்டும் என்று கேட்கப்படுகிறது. தலைக்கு மேலோ கடவுளின் பிரசன்னமே தங்குகிறது. வேண்டுதல் இஸ்ரவேலின் கடவுளுடைய நாமத்தில் ஏறெடுக்கப்படுகிறது. நால்வரின் பெயரும் ஜெபத்தில் உண்டு; ஆனால் ஜெபம் நால்வரை நோக்கியதன்று.

3. திருச்சபை: மதிப்பும் மயக்கமும்

பிரதான தூதன் எனத் தமிழாக்கப்படும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது (1 தெச. 4:16, யூதா 9). முதலாவது இடத்தில் பெயரில்லை; இரண்டாவதில் மிகாவேல். காபிரியேல் லூக்கா நற்செய்தியில் தம்மைக் கடவுளின் சமுகத்தில் நிற்பவர் என்கிறார். பிரதான தூதன் என்னும் பட்டம் அவருக்கு அங்கு வழங்கப்படவில்லை. யூதாவின் நிருபத்திலும் மிகாவேல் தன் சொந்த அதிகாரத்தால் பிசாசைத் தீர்ப்பிடாமல், அதைக் கர்த்தருக்கே விட்டுவிடுகிறார். வெளிப்படுத்தின நூலில் யோவான் தூதனின் பாதத்தில் விழுந்தபோது, இருமுறையும் தூதன் தடுத்து, தானும் உடன் ஊழியக்காரனே என்று கூறுகிறான் (19:10, 22:8-9). மனோவாவின் வயலில் கேட்ட அதே குரல் இங்கும் கேட்கிறது. எபிரெயர் நிருபத்தின் முதல் அதிகாரமோ, குமாரன் தூதரிலும் எவ்வளவு மேலானவர் என்பதை நிறுவுவதற்கே எழுதப்பட்டதாகும்.

மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகேன், கிறிஸ்தவர்கள் தூதரை வணங்குகிறார்களென்னும் குற்றச்சாட்டுக்கு மறுமொழியாக, எல்லா ஜெபமும் பிரதான ஆசாரியராகிய கிறிஸ்துவின் வழியாகக் கடவுளுக்கே ஏறெடுக்கப்பட வேண்டும் என வலியுறுத்தினார். ஏறக்குறைய கி.பி. 500இல் தியோனீசியு என்னும் புனைபெயரில் எழுதியவர் விண்ணகத்தை ஒன்பது அணிகளாக வகுத்தார். அதில் பிரதான தூதரின் இடம் கீழிருந்து இரண்டாவது என்பது பலருக்கும் வியப்பளிக்கும்.

எட்டாம் நூற்றாண்டில் பிராங்கர் நாட்டில் அல்தெபெர்த்து என்பவர் எட்டுத் தூதரின் பெயரைக் கூறும் ஜெபம் ஒன்றைப் பரப்பினார். 745இல் போப்பு சக்கரியாவின் தலைமையில் ரோமையில் கூடிய சங்கம் அதை ஆராய்ந்து, மிகாவேல் தவிர ஏனைய பெயர்கள் தூதருடையவை அல்ல, பேய்களுடையவை என்று தீர்ப்பளித்தது. அப்பட்டியலில் ஊரியேலின் பெயரும் இருந்தது. மிகாவேல், காபிரியேல், ரபாயேல் என்னும் மூன்று பெயர்களே ஏற்கத்தக்கவை என்று சங்கம் அறிவித்தது. 787இல் கூடிய நிசேயா இரண்டாம் சங்கம், தூதர் உள்ளிட்டோரின் படங்களுக்குச் செய்யும் மரியாதை வேறு, கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனை வேறு எனப் பிரித்துக் காட்டியது. கத்தோலிக்கரும் கீழைத் திருச்சபையாரும் இவ்வேறுபாட்டின்மீது நின்றே தூதரின் பரிந்துரையை நாடுகின்றனர். யாக்கோபு தன் பேரரை ஆசீர்வதிக்கையில் தன்னை மீட்ட தூதனைக் குறிப்பிட்டதையும் (ஆதி. 48:16) சான்றாகக் காட்டுகின்றனர். அவர்களுடைய நிலையை உருவ வழிபாடு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நேர்மையன்று. ஆனால் சாதாரண விசுவாசியின் உள்ளத்தில் இவ்விரண்டும் பிரிந்தே நிற்குமா என்னும் கேள்வி எஞ்சியிருக்கிறது.

4. இஸ்லாம்: நம்பிக்கைக்குரிய தூதர்

எபிரெயச் சொல்லாகிய மலாக்கும் அரபுச் சொல்லாகிய மலக்கும் ஒரே வேரின. தமிழ் முஸ்லிம்கள் மலக்கு என்றும் வானவர் என்றும் வழங்குவது இதையே. வானவரை நம்புவது இஸ்லாமிய விசுவாசத்தின் அடிப்படைகளுள் ஒன்று (திருக்குர்ஆன் 2:285, 4:136).

நமது திருமறையில் பெயர் பெறும் இருவரே திருக்குர்ஆனிலும் அருகருகே நிற்கின்றனர்: ஜிப்ரீல், மீக்கால் (2:98). எக்காளம் ஊதும் இஸ்ராபீலின் பெயரும், உயிரைக் கைப்பற்றும் இஸ்ராயீலின் பெயரும் பிற்கால மரபில் வந்தவை. மரண வானவரைத் திருக்குர்ஆன் பெயரின்றியே குறிப்பிடுகிறது (32:11). கி.பி. 610அளவில் முகம்மது நபிக்கு முதல் வெளிப்பாட்டைக் கொணர்ந்தவர் ஜிப்ரீல் என்பது இஸ்லாமிய மரபு. தானியேலுக்கு விளக்கமளித்து, சகரியாவுக்கும் மரியாளுக்கும் செய்தி கொணர்ந்த காபிரியேலின் பணியே இங்கும் தொடர்வதாக அம்மரபு காண்கிறது. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தின் வாயிலாக அவர் தமிழ் இலக்கியத்திலும் இடம் பெற்றார்.

ஆயர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. திருக்குர்ஆனில் வரும் பரிசுத்த ஆவி என்னும் தொடரை (16:102) விரிவுரையாளர் பெரும்பாலும் ஜிப்ரீலைக் குறிப்பதாகக் கொள்வர். ஆகவே முஸ்லிம் அன்பரோடு உரையாடுகையில், ஒரே சொல்லை இருவரும் வழங்கினாலும் ஒரே பொருளில் வழங்குவதாக எண்ணிவிடலாகாது.

எல்லைக் கல் இங்கும் உறுதியாக நாட்டப்பட்டுள்ளது. வானவரைக் கடவுளின் புதல்வியர் எனக் கொண்ட பழைய அரபியரைத் திருக்குர்ஆன் கண்டிக்கிறது. வானவரையும் நபிமாரையும் இரட்சகராகக் கொள்ளலாகாது என்கிறது (3:80). மெசியாவும் இறைவனுக்கு நெருக்கமான வானவரும் அவருடைய அடியாராயிருப்பதை இழிவாக எண்ணார் என்கிறது (4:172). மெசியாவையும் வானவரையும் ஒரே வரிசையில் நிறுத்தும் இவ்விடத்திலேயே எபிரெயர் நிருபத்துக்கும் திருக்குர்ஆனுக்கும் உள்ள ஆழ்ந்த வேறுபாடு வெளிப்படுகிறது. அதை மழுப்புவது உரையாடலுக்கு உதவாது.

எனினும் முகம்மது நபி இரவுத் தொழுகையின் தொடக்கத்தில் சொன்னதாக முஸ்லிம் என்னும் நபிமொழித் தொகுப்பு பதிவுசெய்துள்ள ஜெபம் நம் சிந்தனைக்குரியது. ஜிப்ரீல், மீக்காயீல், இஸ்ராபீல் ஆகியோரின் இரட்சகனே என்று இறைவனை விளித்து, நேர்வழிக்காக மன்றாடுகிறது அது. இங்கும் பெயர்கள் உண்டு. இங்கும் ஜெபம் அவர்களை நோக்கியதன்று.

5. சீர்திருத்தச் சபைகள்: நீக்கியதும் நிறுத்தியதும்

லுத்தர் 1537இன் சமால்கால்து கட்டுரைகளில், தூதர் நமக்காக மன்றாடக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டு, ஆனால் அதனால் நாம் அவர்களை நோக்கி வேண்டவேண்டும் என்பது பெறப்படாது என்று தெளிவுபடுத்தினார். அதே லுத்தர் 1529இன் சிறிய ஞானோபதேசத்தில் அமைத்த காலை மாலை ஜெபங்களில், கடவுளின் பரிசுத்த தூதன் தம்மோடிருக்க வேண்டுமெனக் கடவுளிடமே கேட்கக் கற்றுத்தந்தார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு இந்த ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார்.

இங்கிலாந்தில் 1544இல் கிரான்மர் வெளியிட்ட லித்தானியாவில் தூதரையும் பிரதான தூதரையும் விளித்து வேண்டும் ஒரு வரி இன்னும் இருந்தது. 1549இன் பொது ஜெபநூலில் அது நீக்கப்பட்டது. ஆனால் செப்டம்பர் 29க்குரிய மிகாவேல் திருநாளும் அதன் பழைய சுருக்க ஜெபமும் காக்கப்பட்டன. அந்த ஜெபம் கடவுளை நோக்கியது. விண்ணில் அவருக்கு ஊழியம் செய்கிறவர்கள் அவருடைய நியமத்தால் மண்ணில் நமக்குத் துணைசெய்ய வேண்டுமென்று கேட்பது. நீக்கியது தூதரை அன்று, ஜெபத்தின் தவறான திசையையே என்பதை இது காட்டுகிறது. கால்வினும் தூதரின் பணியை மறுக்கவில்லை. அணிகளையும் எண்ணிக்கையையும் ஆராயும் வீண் ஆவலையே கண்டித்தார். தானியேல் விரிவுரையில் மிகாவேலைக் கிறிஸ்துவாகக் கொள்ளும் கருத்துக்கு அவர் இடமளித்தார். ஆனால் அது கிறிஸ்துவைப் படைப்பாகத் தாழ்த்தும் நோக்கமுடையதன்று. யெகோவாவின் சாட்சிகள் கிறிஸ்துவை மிகாவேல் என்னும்போது கருதுவது முற்றிலும் வேறு. அவர்கள் குமாரனைப் படைக்கப்பட்டவராகக் கொள்கின்றனர். இவ்விரண்டையும் குழப்பாதிருப்பது போதகர் கடன்.

முடிவுரை

மூன்று மரபுகளிலும் நால்வகை ஜெபங்களைக் கண்டோம்: யூதரின் படுக்கை ஜெபம், முகம்மது நபியின் இரவு ஜெபம், லுத்தரின் மாலை ஜெபம், மிகாவேல் திருநாளின் சுருக்க ஜெபம். இவை ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டவை என்று யாம் கூறவில்லை. மூன்று மரபுகளின் கோட்பாடும் ஒன்றே என்றும் கூறவில்லை. ஆயினும் ஒரே தேவைக்கு ஒரே வகையான விடையை இவை தருகின்றன. இருளைக் கண்டு அஞ்சும் மனிதன் தான் தனியனல்லன் என்பதை அறிய விரும்புகிறான். தூதர் உண்டு என்று இந்த ஜெபங்கள் அவனுக்குச் சொல்கின்றன. அதே மூச்சில் அவன் முகத்தைக் கடவுளிடம் திருப்புகின்றன. சங்கீதக்காரன் தூதரை விளித்துப் பேசுவதும் (சங். 103:20, 148:2) துதியில் சேர அழைப்பதற்கே, உதவி கேட்பதற்கன்று.

இன்று நம் சபைகளில் இரு தவறுகளைக் காண்கிறோம். ஒருபுறம், சில கூட்டங்களில் தூதருக்குக் கட்டளையிட்டு ஏவும் ஜெபங்கள் கேட்கப்படுகின்றன. கடவுளின் ஊழியரை நம் வேலைக்காரராக்கும் முயற்சி அது. மறுபுறம், நாம் தூதரைப் பற்றிப் பேசவே கூசுகிறோம். செப்டம்பர் 29 நாட்காட்டியில் வந்து, பிரசங்கமின்றியே கடந்துபோகிறது. கொலோசெயின் வரலாறு நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. சங்கத்தின் தடை இருந்தும் கோனேயில் ஆலயம் எழுந்தது. நோயுற்ற பிள்ளையின் படுக்கையருகே விழித்திருக்கும் தாய்க்கு, கடவுள் கிறிஸ்துவில் எவ்வளவு அருகில் இருக்கிறார் என்பதை நாம் சொல்லாவிட்டால், அவள் வேறொரு பெயரைத் தேடிச் செல்வாள். அதற்காக அவளைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமையில்லை.

மிகாவேல் என்னும் பெயரை உச்சரிக்கும்போதெல்லாம் கடவுளுக்கு நிகரானவர் யார் என்றே நாம் கேட்கிறோம். அக்கேள்விக்கு விடை தன்னிடமில்லை என்பதை அறிந்தவனே உண்மையான தூதன். பிரசங்க பீடத்தில் நிற்கும் நாமும் அனுப்பப்பட்டவர்களே என்பதை நினைவில் கொள்வோமாக.